கரண்ட் போனால் பாட்டுப் பயிற்சி

செவன் ஹில்ஸ், சிட்னி
19 ஒக்ரோபர் 2025

அன்புத் தம்பி எறிக்,

ஆண்டவர் கிருபையால் நானும் மகள் றொஷானியும் சுகம். நீயும் உன் மனைவி ஒக்சானாவும் சுகமா? கேட்கிறேனே தவிர, "இவ்விடம் யாவரும் சுகம்" என்று மட்டும் பதில் எழுதாதே. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து கீவில் இருந்த உனக்கு அதே வசனத்தை வருஷக்கணக்காக எழுதியவள் நான். எங்கள் வீட்டு ஒழுங்கை முகப்பில் ஷெல் விழுந்த அன்றைக்கும் அதைத்தான் எழுதினேன். அது எப்படிச் செய்யப்படுகிறது என்று செய்தவளுக்குத் தெரியாதா?

ரெலிபோனில் கதைத்தால் பாதியில் உன் குரல் கிணற்றுக்குள் போய்விடுகிறது. அதனால்தான் இந்த ஏற்பாடு. தாளில் எழுதி, படம் பிடித்து அனுப்பினால், தொடர்பு கிடைக்கிற நேரத்தில் வந்து சேரும். நீயும் அப்படியே செய். கரண்ட் கேட்காத சாமான் பேனா ஒன்றுதான்.

இனி விஷயம். றொஷானியின் கலியாணத்துக்கு நாள் வைத்துவிட்டோம். ஜனவரி 24, சனிக்கிழமை. பிளாக்டவுனில் பூசை, அங்கேயே மண்டபம். இவளுடைய தகப்பன் இருந்திருந்தால் மகளைக் கையில் பிடித்துப் பீடம்வரை கூட்டிக்கொண்டு போயிருப்பார். அவர் இல்லை. அந்த இடம் தாய்மாமன் உனக்குத்தான். சண்டை தொடங்கியதிலிருந்து ஆண்களை வெளியே விடாத உங்கள் நாடு, அறுபது தாண்டியவர்களை விடுகிறதாம். உனக்கு அறுபத்தொன்று. வேலையிலிருந்தும் ஓய்வு பெற்றுவிட்டாய். சாட்டுச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.

மாப்பிள்ளையின் தகப்பன் சுவாம்பிள்ளை, மன்னார் ஆள், லிட்கம்மில் வீடு. கோயில் பாட்டுக்குழுத் தலைவர். நல்ல மனிதர். பேச்சைத் தொடங்கினால் நிற்பாட்டத்தான் ஆளில்லை.

மின்நிலையங்களுக்குத்தான் குறிவைத்து அடிக்கிறார்கள் என்று செய்தியில் பார்த்தேன். நீ முப்பது வருஷம் ட்ரான்ஸ்ஃபோமர் திருத்திய என்ஜினியர். ஆனால் கரண்ட் இருக்கும்போதுதான் உனக்கு அதைப் பற்றித் தெரியும். இல்லாதபோது எப்படி இருப்பது என்று என்னைக் கேள். ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வை. பஞ்சு நனைகிற அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விடு. திரியைக் கம்பியில் சுற்றி நிறுத்து. காற்றுக்கு அணையாது. றொஷானி பிறந்ததே அந்த விளக்கில்தான். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதிகட்டையைக் கையால் சுற்றினால் டைனமோவில் ரேடியோ பாடும். மற்றதெல்லாம் அடுத்தடுத்துச் சொல்லித் தருகிறேன்.

விமான ரிக்கெற் எடுத்த செய்தியோடு பதில் எழுது.

உன் ஒரே அக்கா,
யசிந்தா


கீவ்
2 நவம்பர் 2025

அன்பான அக்காவுக்கு,

இவ்விடம் யாவரும் சுகம். ஏசாதீர்கள், உண்மையிலேயே சுகம்.

நாங்கள் பதினாலாம் மாடி என்பதால் கால்களுக்கு நல்ல தேகப்பயிற்சி. லிஃப்டுக்குள் யாராவது மாட்டிக்கொண்டால் என்று ஒக்சானா அதற்குள் ஒரு பெட்டி வைத்திருக்கிறாள். தண்ணீர், பிஸ்கெட், கம்பளி, அவசரத்துக்கு ஒரு வாளி. இதுவரை ஒருவரும் மாட்டவில்லை. பிஸ்கெட் மட்டும் குறைந்துகொண்டு போகிறது.

ஜாம் போத்தல் விளக்கைப் பற்றி ஒக்சானாவிடம் சொன்னேன். கட்டிலுக்குக் கீழிருந்து தொண்ணூறு போத்தல் எடுத்துக் காட்டினாள். எல்லாவற்றிலும் ஊறுகாய்ப் பிஞ்சு வெள்ளரி. போத்தல் வெறுமையானால்தானே விளக்கு? ஒரு கிழமையாக மூன்று நேரமும் வெள்ளரிக்காய் சாப்பிடுகிறோம். மண்ணெண்ணெய் கிடைக்காததால் சூரியகாந்தி எண்ணெய் விட்டேன். வெளிச்சம் பரவாயில்லை. வீடு முழுக்க வடை வாசம்.

கலியாணத்துக்கு நான் வராமல் யார் வருவது? கட்டாயம் வருவேன்.

ஓய்வில் பொழுது போகவேண்டுமே என்று பக்கத்துக் கோயிலில் பாட்டுக்குழுவில் சேர்ந்திருக்கிறேன். பெரும்பாலும் கரண்ட் போன பிறகுதான் பயிற்சி. அந்த நேரத்தில் அழைத்தால் கிடைக்கமாட்டேன். யோசிக்க வேண்டாம்.

றொஷானிக்கு என் முத்தம்.

தம்பி,
எறிக்


செவன் ஹில்ஸ்
9 நவம்பர் 2025

பாடகர் எறிக் அவர்களுக்கு,

சுகமாய் இருக்கிறாய் என்று எழுதியிருந்தாய். தொண்டையும் சுகமென்று நம்புகிறேன்.

பாட்டுக்குழுவோ? சின்ன வயதில் எங்கள் பாஷையூர்க் கோயிலில் டிசம்பர் நத்தார்ப் பூசைக்கு உன்னை நிறுத்திவிட்டுப் பாட்டு வாத்தியார் சொன்னது எனக்கு இன்னும் காதில் நிற்கிறது: "எறிக், நீ வாயை மட்டும் அசை ராசா. சத்தம் வரப்படாது." அன்றைக்கு அம்மா முக்காட்டுக்குள் முகத்தை மறைத்தார். ஐம்பது வருஷத்தில் தொண்டை திருந்துமா? வெள்ளரிக்காய்க்கு அப்படி ஒரு குணம் உண்டோ?

நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே. சுவாம்பிள்ளையிடம் சொல்லிவிட்டேன். மனிதருக்குக் கால் நிலத்தில் இல்லை. கீவ் நகரத்துப் பாடகர் ஒருவர் சம்பந்தி வீட்டில் இருக்கிறார் என்று செவன் ஹில்ஸிலிருந்து லிட்கம் வரைக்கும் சொல்லியாகிவிட்டது. பூசையில் நீ தனித்துப் பாட ஒரு பாட்டும் ஒதுக்கியிருக்கிறார். இனி அது உன் பாடு.

கரண்ட் போன பிறகு ஏன் பயிற்சி? பாட்டுப் புத்தகம் எப்படித் தெரியும்? ஒரு சந்தேகத்துக்குத்தான் கேட்கிறேன்.

ரிக்கெற் எங்கே?

அக்கா


கீவ்
30 நவம்பர் 2025

அன்பான அக்காவுக்கு,

பதில் பிந்திவிட்டது. இவ்விடம் எல்லோரும் நலம். உங்கள் முழங்கால் நோ எப்படி?

மெழுகுதிரியில் பாடினால் பக்தி கூடும் என்று எங்கள் குழுத் தலைவர் நினைக்கிறார். அதனால்தான் அந்த நேரம். சுவாம்பிள்ளை அண்ணருக்கு என் வணக்கம். தனிப் பாட்டு வேண்டாம் என்று பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

உங்கள் சைக்கிள் யோசனை இங்கே பெரிய வெற்றி. மாடிப்படிக்குக் கீழே கவிழ்த்து வைத்திருக்கிறோம். மூன்றாம் மாடிக் கிழவர் சுற்ற, ஐந்தாம் மாடிப் பெண் ரெலிபோனுக்குச் சார்ஜ் ஏற்றுகிறாள். ஒரு மணித்தியாலம் சுற்றினால் இரண்டு நிமிஷம் கதைக்கலாம். அவளுடைய காதலன் அந்த இரண்டு நிமிஷத்திலும் சண்டை பிடிக்கிறானாம். கிழவர் கோபித்துக்கொண்டு இனிச் சுற்றமாட்டேன் என்கிறார்.

இப்போது நாலு நாளாகக் கரண்ட் இல்லை. வியாழன் மத்தியானம் எங்கள் தெருவுக்கு வந்துவிடும். அதற்கு முன் பள்ளிக்கூடத் தெருவுக்கு வரும். ரிக்கெற் இன்னும் எடுக்கவில்லை. எடுப்பேன்.

பயிற்சிக்கு நேரமாகிவிட்டது.

எறிக்


செவன் ஹில்ஸ்
7 டிசம்பர் 2025

அன்புத் தம்பி,

முழங்கால் அப்படியே இருக்கிறது. மற்றபடி சுகம். எங்கள் ஊரிலும் கரண்ட் போய்விட்டது, கேள்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் ஆலங்கட்டி மழை. கலியாண அழைப்பு அட்டையின் மாதிரியைக் காட்ட வந்த சுவாம்பிள்ளை, தன் புதுக் காருக்குப் பொத்தல் விழுந்துவிடும் என்று என் கராஜுக்குள் விட்டார். கதவு மூடியது, கரண்ட் போனது. அது பொத்தானில் திறக்கும் கதவு. மனிதர் காரோடு என் வீட்டில் சிறை. அடுப்பும் மின்சாரம். தேத்தண்ணிகூட இல்லை. றொஷானி ரெலிபோனைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, சார்ஜ் பதினெட்டு வீதந்தான் இருக்கு" என்று மரணச் செய்தி மாதிரிச் சொன்னாள். நான் மட்டும் மகாராணி. ஐந்து ஜாம் போத்தலை எடுத்து, பஞ்சு வைத்து, மண்ணெண்ணெய் விட்டு, யன்னலுக்கு ஒன்றாக ஏற்றி வைத்தேன். இருபது வருஷமாக இந்த நாட்டில் எனக்குத் தெரிந்த ஒன்றை ஒருவரும் கேட்கவில்லை. அன்றைக்குக் கேட்டார்கள்.

அந்த நேரம் பார்த்துக் கூரையிலிருந்த புகை மணி அலறத் தொடங்கியது. அது பற்றரியில் வேலை செய்யுமாம். சுவாம்பிள்ளை கதிரையில் ஏறி அட்டையால் விசிறுகிறார். வாசலில் தீயணைப்பு வண்டி. பக்கத்து வீட்டு முரளிதரன் கோயம்புத்தூர்ப் பிள்ளை, கூரையில் சோலாரும் பற்றரியும் வைத்திருக்கிறவன், வேலிக்கு மேலால் தலையை நீட்டி, "ஆன்ட்டி, உங்க வீட்ல அஞ்சு இடத்துல நெருப்பு தெரிஞ்சுது, அதான் கூப்பிட்டேன்" என்றான். பாவம், நல்லெண்ணம். வந்த தீயணைப்புக்காரி ஒருத்தி கராஜுக்குள் போய், கதவுக்கு மேலே தொங்கிய சிவப்புக் கயிறு ஒன்றை இழுத்தாள். கதவைக் கையால் தூக்கினாள். நாங்கள் அந்தக் கயிற்றைப் பார்த்தபடி நாலு மணித்தியாலம் இருந்தோம். அதற்குள் சுவாம்பிள்ளை கலியாணப் பாட்டு ஒன்றை இயற்றி முடித்துவிட்டார்.

இனி உன் விஷயம். போன கடிதத்தின் ஓரத்தில் கறுப்பாக ஒரு பெருவிரல் அடையாளம். மெழுகுதிரிக் கரி அப்படி எண்ணெயாய் மினுங்காது. எந்தத் தெருவுக்கு முதலில் கரண்ட் வரும் என்றும் எழுதியிருந்தாய். உங்கள் கோயிலில் அதையும் பிரசங்கத்தில் சொல்கிறார்களோ? நான் ஒன்றும் கேட்கவில்லை. ஏழு சோடி கம்பளிக் காலுறையும் உள்கையுறையும் வார்சோவில் ஒக்சானாவின் தங்கை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். உயரத்தில் ஏறி நின்று பாடுகிறவர்களுக்குக் குளிர் கூடுதலாகப் பிடிக்கும். உன் குழுவுக்குப் பங்கிட்டுக் கொடு.

பயிற்சியில் கவனம்.

அக்கா


செவன் ஹில்ஸ்
21 டிசம்பர் 2025

தம்பி,

இரண்டு கிழமையாகப் பதில் இல்லை. செய்தியில் உங்கள் ஊரைக் காட்டினார்கள். புகைதான் தெரிந்தது. எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

கலியாணச் சாப்பாட்டுக்கு ஆட்டிறைச்சிப் பிரட்டல் என்று முடிவு. மாப்பிள்ளை வீட்டார் மீனும் கேட்கிறார்கள். நீ என்ன சொல்கிறாய்?

யசிந்தா


செவன் ஹில்ஸ்
28 டிசம்பர் 2025

எறிக்,

நத்தார்ப் பூசையில் எழுந்து நிற்கவேண்டிய இடத்தில் இருந்துவிட்டேன், முழந்தாளிட வேண்டிய இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். றொஷானி கையைப் பிடித்து இழுத்தாள்.

மீன் வேண்டுமா வேண்டாமா என்று ஒரு சொல் எழுது. "யாவரும் சுகம்" என்றாவது எழுது. நம்புகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது.

அக்கா


கீவ்
1 ஜனவரி 2026

மதிப்புக்குரிய யசிந்தா அக்கா,

நான் ஒக்சானா. ரெலிபோன் என் மொழியைத் தமிழாக்குகிறது. பிழை இருந்தால் ரெலிபோனை ஏசுங்கள். உங்களுக்கு உடல் சுகமா?

எறிக் உயிரோடு இருக்கிறார். நெற்றியில் தையல் போட்டிருக்கிறது. கோயில் படியில் வழுக்கி விழுந்தார் என்று உங்களுக்கு எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன்.

அவர் மிகவும் அதிகம் பாடுகிறார். எனக்கு இந்தப் பாட்டு பிடிக்கவில்லை. ஆனால் அவர் பாடிவிட்டு வந்தால் ஏதோ ஒரு தெருவில் வீடுகளுக்குச் சூடு வருகிறது. ஆகையால் நான் சண்டை போடுவதில்லை. சூப் வைக்கிறேன்.

காலுறைகள் வந்தன. பாடகர்கள் ஆறு பேரும் அணிந்தார்கள். ஏழாவது சோடி என்னுடையது. நன்றி.

மீன் வேண்டும் என்று எறிக் சொல்கிறார்.

ஒக்சானா


கீவ்
6 ஜனவரி 2026

அன்பான அக்காவுக்கு,

உங்களைப் பயப்படுத்திவிட்டேன். மன்னியுங்கள். தலை சுகம். தையலையும் பிரித்துவிட்டார்கள்.

அக்கா, நான் வரவில்லை. இதை எப்படி எழுதுவது என்று மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். பாட்டுக்குழுவில் இரண்டு பேர் ஆஸ்பத்திரியில். ஒருவர் இனிப் பாடமாட்டார். எங்களிடம் இருப்பவை சோவியத் காலத்துப் பழைய பாட்டுகள். இளம் பிள்ளைகளுக்கு அவற்றின் இராகம் தெரியாது. படித்தவர்களில் இந்தப் பக்கத்தில் நான்தான் மிச்சம். வெளியே மைனஸ் பதினெட்டு. நான் விமானம் ஏறிய நேரம் பாட்டு நின்றுபோனால், மண்டபத்தில் இருந்து மீனை எப்படிச் சாப்பிடுவேன்?

றொஷானியிடம் நீங்களே சொல்லுங்கள். எனக்குத் தைரியம் இல்லை.

எறிக்


செவன் ஹில்ஸ்
10 ஜனவரி 2026

அன்புத் தம்பி,

உன் கடிதத்தை வாசித்துவிட்டு இரண்டு நாள் உன்னோடு கோபம். கோபத்தில் வீட்டிலிருந்த திரைச்சீலை எல்லாவற்றையும் கழற்றித் தோய்த்தேன். மூன்றாம் நாள் காய்ந்த சீலைகளைக் கொழுவும்போது கோபத்தைக் காணவில்லை. நீ வரவேண்டாம். இருந்து பாடு.

றொஷானியிடம் எப்படிச் சொல்வது என்று தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். "அம்மா, மாமா கோயிலுக்குப் போறேல்லை எண்டு எனக்கு நவம்பரிலையே தெரியும்" என்றாள். "பாட்டுப் பாடுற ஆக்கள் ஹெல்மற் போடுறேல்லை." ஒக்சானாவின் முகநூலில், மின்நிலையத்தில் நீ நிற்கிற படமே இருக்கிறதாம். நான் விரல் அடையாளம் பார்த்துத் துப்பறிந்ததை அவள் குசினி அடுப்படியில் நின்று விரலால் தட்டிப் பார்த்திருக்கிறாள். பிறகு ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். நான் கவலைப்படுவேன் என்று சொல்லவில்லையாம். இந்தக் குடும்பத்தில் யார் யாருக்கு எதை மறைக்கிறார்கள் என்று இனி ஒரு கூட்டம் வைத்துத்தான் பேசவேண்டும். அவளும் அழுதாள். அதை மறைக்காமல் எழுதுகிறேன்.

சுவாம்பிள்ளைக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. அவருக்குச் சொன்னால் பூசைக்கு முதல் பிளாக்டவுன் முழுக்கத் தெரியும். நீ அதை விரும்பமாட்டாய். அதனால் மனிதருக்கு மனத்தாங்கல். "பாட்டுக்காகவோ தமக்கையின்ர மகளின்ர கலியாணத்துக்கு வராமல் விடுறார்?" என்று கேட்டார். உனக்குப் பதிலாகப் பெண்ணைக் கூட்டிப்போகத் தன் ஒன்றுவிட்ட தம்பி வரதராஜாவைத் தரலாமாம். இரவல் தாய்மாமன் வேண்டாம், நானே கூட்டிப்போவேன் என்று சொல்லிவிட்டேன்.

ஒரு நிபந்தனையோடு சமாதானமாகியிருக்கிறார். அந்த ஆலங்கட்டி மழையில் தான் இயற்றிய பாட்டை உன் குழு பாடி அனுப்ப வேண்டும். சொற்களை இணைத்திருக்கிறேன். "செவன் ஹில்ஸ் தந்த செல்வ மகளே, லிட்கம் வீட்டு விளக்காய் வாராய்" என்று தொடங்கும். எட்டுச் சரணம். முடியாவிட்டால் விடு. தொண்டை கட்டிவிட்டது என்று ஏதாவது சொல்கிறேன்.

உள்கையுறையைப் போடாமல் ஒன்றையும் தொடாதே.

அக்கா


செவன் ஹில்ஸ்
26 ஜனவரி 2026

அன்புத் தம்பி எறிக்,

எங்கள் பக்கம் சுகம். கலியாணம் சிறப்பாக முடிந்தது. வெயில் நாற்பது பாகை. பீடம்வரை நான்தான் கூட்டிப்போனேன். றொஷானி என் கையை ஒரு பக்கம் பிடித்தாள். மற்றப் பக்கத்தில் ஓர் ஆள் நடக்க இடம் விட்டே நடந்தாள். அது வீடியோவில் வளைந்து நடப்பதுபோல் இருக்கிறதாம். இருக்கட்டும்.

மண்டபத்தில் சுவாம்பிள்ளை பெரிய திரை கட்டுவித்திருந்தார். சாப்பாட்டுக்கு முன் ஒலிவாங்கியைப் பிடித்து, கீவ் மாநகரத்துப் புகழ்பெற்ற பாட்டுக்குழு என்று மூன்று தரம் அறிவித்தார். விளக்குகளைக் குறைத்தார்கள்.

நீ அனுப்பிய வீடியோ கடைசி நேரத்தில்தான் வந்தது, ஒருவரும் முன்பு பார்த்திருக்கவில்லை. திரையில் பனி. அதில் நாலு பேர் ஹெல்மற்றும் மஞ்சள் அங்கியுமாய் நிற்கிறீர்கள். பின்னால் கரியாய் எரிந்த ஒரு ட்ரான்ஸ்ஃபோமர். நடுவில் நீ, நெற்றியில் தழும்போடு, கையுறைக்குள் பாட்டுத் தாள். முதலில் சனம் சிரித்தது. நீங்கள் பாடத் தொடங்கியதும் இன்னும் சிரித்தது. அந்தப் பிள்ளைகளுக்கு "லிட்கம்" ஒன்றுதான் சரியாக வந்தது. நீ பழையபடி வாயை மட்டும் அசைக்கிறாய் என்று நினைத்தேன். பிறகுதான், சுதிக்கு வெளியே தனியாகப் போய்க்கொண்டிருந்த குரல் உன்னுடையது என்று பிடிபட்டது. அதைக் கேட்க எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று உனக்குத் தெரியாது.

மெல்ல மெல்லச் சிரிப்பு நின்றது. முரளிதரன் எழுந்து நின்றான், ஏன் என்று அவனுக்கே தெரியாது. இரண்டாம் சரணம் தொடங்கும்போது யாரோ உங்களைக் கூப்பிட்டார்கள். நாலு பேரும் தாளைப் போட்டுவிட்டு ஓடினீர்கள். பனியும் அந்தத் தாள்களும் மட்டும் கொஞ்ச நேரம் திரையில் இருந்தன. பிறகு அதுவும் நின்றது.

சுவாம்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். அந்த மனிதருக்குப் பேச்சு வராததை அன்றைக்குத்தான் கண்டேன். பிறகு ஒலிவாங்கியைத் தூக்கி, "மிச்சத்தை நாங்கள் பாடுவம்" என்றார்.

எல்லோரும் எழுந்து பாடினோம். எட்டுச் சரணமும் பாடினோம். மீன் ஆறிப்போய்விட்டது. ஒருவரும் முறைப்பாடு சொல்லவில்லை.

நீங்கள் ஏன் ஓடினீர்கள் என்று எழுது. என்னவாயிருந்தாலும் எழுது. இனி நானும் அப்படியே எழுதுகிறேன்.

உன் அக்கா,
யசிந்தா


கீவ்
8 பெப்ரவரி 2026

அன்பான அக்காவுக்கு,

வழக்கமான வசனத்தை எழுதத்தான் பேனாவை எடுத்தேன். விட்டுவிட்டேன்.

இவ்விடம் சுகமில்லை அக்கா. ஏணியில் ஏறும்போது எனக்குக் கால் நடுங்குகிறது. பாட்டைப் படம் பிடித்த அன்றைக்கு மறுபடியும் அடிக்க வருகிறார்கள் என்று கூப்பிட்டார்கள், அதுதான் ஓடினோம். நாங்கள் திருத்தி முடிக்க, அவர்கள் அதே இடத்துக்கு வருகிறார்கள். போன மாதம் செத்துப்போனவன் பெயர் தராஸ். உங்கள் காலுறையைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க நடந்து காட்டிச் சிரித்தவன். அவன் ஆஸ்பத்திரியில் இருக்கிறான் என்று உங்களுக்கு எழுதியிருந்தேன். அப்போதே அவன் இல்லை. றொஷானியின் பக்கத்தில் நடக்காதது எனக்கு ஏணியைவிடக் கஷ்டம்.

மற்ற மூன்று பேருக்கும் "லிட்கம்" இப்போது வேலைப் பாட்டு. கம்பி இழுக்கும்போது அந்தச் சொல்லைச் சொல்லித்தான் எல்லோரும் ஒரேயடியாக இழுக்கிறோம். சுவாம்பிள்ளை அண்ணரிடம் சொல்லுங்கள்.

நேற்று எங்கள் தெருவுக்குக் கரண்ட் வந்தது. ஒக்சானா கடைக்குப் போய், பதினாலு மாடியும் லிஃப்டிலேயே வந்தாள். பெட்டியில் மிச்சமிருந்த பிஸ்கெட் முழுவதையும் சாப்பிட்டுக்கொண்டே வந்தாளாம். வீட்டுக்குள் வந்து சப்பாத்தைக் கழற்றி, ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். பிறகு மறுபடி இறங்கிப் போய், புதுப் பிஸ்கெட் பக்கெற் ஒன்று வாங்கி அந்தப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வந்தாள்.

தம்பி,
எறிக்